பழைய மினி டிராக்டருக்கு என்ன விலை போடலாம்?

தென்னந்தோப்பிலும் வாழையிலும் ஓடிய 15 முதல் 28 எச்பி வரையுள்ள மினி டிராக்டர் கைமாறும்போது பேச்சு பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் தொடங்கும். 'எடுத்த விலை இவ்வளவு' என்பது ஒன்று. 'போன வருஷம்தான் இன்ஜினுக்கு இவ்வளவு செலவு பண்ணினேன்' என்பது இன்னொன்று. இரண்டையும் வைத்து இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அதே எச்பி, அதே வயது, குறையில்லாமல் ஓடும் ஒரு வண்டி உங்கள் வட்டாரத்தில் இன்று என்ன விலைக்கு முடிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். உங்கள் முன்னால் நிற்கும் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்று அடுத்து தெரிய வேண்டும். முதல் தொகையில் இரண்டாவதைக் கழித்தால் மதிப்பு வந்துவிடும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கணக்கு ஒன்றே.

வண்டி எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

'மினி டிராக்டர்' என்ற ஒரே பெயருக்குள் விலையில் வெகுதூரம் தள்ளி நிற்கும் வண்டிகள் இருக்கின்றன. மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 இரண்டும் 15 எச்பி, ஒற்றை சிலிண்டர். மிட்சுபிஷி சக்தி என்ற பெயரில் வந்து பிறகு விஎஸ்டி சக்தி ஆன எம்டி 180டி மூன்று சிலிண்டர், 18.5 எச்பி. குபோட்டா நியோஸ்டார் பி2441 மூன்று சிலிண்டர், 24 எச்பி, நான்கு சக்கர இயக்கம். ஒற்றை சிலிண்டர் வண்டியில் டீசல் செலவு குறைவு, இன்ஜின் வேலைக்கான பாகங்களும் குறைவு. ஆனால் அதிர்வு அதிகம் என்பதால் போல்ட் தளர்வது, பிராக்கெட் விரிவது, டேங்கிலும் சைலன்சரிலும் விரிசல் விடுவது சீக்கிரம் வரும். மூன்று சிலிண்டர் வண்டிக்கு ரோட்டாவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) போட்டால் சீராக இழுக்கும், பழைய சந்தையிலும் கேட்பு கூடுதல். இன்ஜின் பிரித்தால் செலவு அதற்கேற்ப ஏறும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் விலை கூடும். முன் அச்சில் குறை இருந்தால் கூடிய விலை முழுவதையும் அந்த ஒரு பழுதே விழுங்கிவிடும்.

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் இரும்பில் அடித்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கிரீஸும் மண்ணும் மூடியிருந்தால் டீசல் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். தேய்த்து மறுபடி அடித்த தடம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். இன்ஜின் எண் மாறியிருந்தால் வேறு வண்டியின் இன்ஜின் ஏறியிருக்கிறது. அது ஆர்சியில் பதிவாகாத வரை பெயர் மாற்றத்தில் சிக்கல் வரும்.

வயதைத் தயாரிப்பு மாதத்திலிருந்து கணக்கிடுங்கள். பதிவு ஆண்டை நம்பினால் ஷோரூமில் கிடந்து தாமதமாகப் பதிவான வண்டி ஒரு வருஷம் இளமையாகத் தெரியும். ஆர்சியில் இரண்டும் இருக்கும்.

அதே வண்டி இன்று புதிதாக என்ன விலை

பழைய வண்டியின் விலைக்கு உச்சவரம்பு, அதே வகைப் புது வண்டியின் இன்றைய விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ.4,00,000 உள்ள வண்டி அதற்கு முன் ரூ.4,48,000, இப்போது ரூ.4,20,000. புது வண்டி ஆறு சதவீதத்துக்கு மேல் இறங்கியபோது பழைய வண்டி பழைய விலையிலேயே நிற்க முடியாது. அதற்கு முந்தைய கைமாற்று விலைகளை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள். டிராக்டர் டயருக்கும் பாகங்களுக்கும் வரி 18-லிருந்து 5 சதவீதமானது. ஆகவே பழுதுச் செலவுக்காகக் கழிக்கும் தொகையையும் இன்றைய விலையில்தான் போட வேண்டும். பழைய பில்லைக் காட்டிக் கூடுதலாகக் கழிப்பதும் முறையல்ல.

உங்கள் மாடல் இப்போது தயாரிப்பில் இல்லையென்றால் அதே எச்பி-யில், அதே சிலிண்டர் எண்ணிக்கையில் உள்ள வேறு வண்டியின் விலைப்பட்டியலை வாங்குங்கள். கூடவே பாகங்கள் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் மூன்றை மட்டும் கேட்டால் போதும்: கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்பு சீல் கிட், பிஸ்டன்-லைனர் செட். மூன்றும் அன்றே கிடைக்கும் வண்டிக்கு ஒரு விலை, ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வண்டிக்கு வேறு விலை. உழவுப் பருவத்தில் வண்டி பத்து நாள் நின்றால் அதில் போகும் வாடகையே பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.

சந்தை விலையை எப்படி எடுப்பது

பழைய வண்டிகள் விற்கும் தளங்களிலும், ஏஜென்சியின் எக்ஸ்சேஞ்ச் யார்டிலும், புரோக்கர்களிடமும் அதே மாடலுக்கு எட்டுப் பத்து விலை சேகரியுங்கள். தயாரிப்பு ஆண்டு இரண்டு வருஷத்துக்குமேல் முன்பின் போகக் கூடாது. ரோட்டாவேட்டர், டிரெய்லர் சேர்த்துச் சொன்ன விலையா, வெறும் வண்டி விலையா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பிரித்து எழுதுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போகின்றன. மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் விட்டுவிட்டு நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது கேட்கும் விலை. முடியும் விலை அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் உங்கள் வட்டார டிராக்டர் மெக்கானிக். கைமாறிய வண்டிகளை முதலில் பிரித்துப் பார்ப்பவர் அவர். எது எவ்வளவுக்கு முடிந்தது என்பது அவர் காதுக்கு வராமல் இருக்காது. இரண்டு மெக்கானிக்குகளிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஏஜென்சி சொல்லும் எக்ஸ்சேஞ்ச் விலை தனிநபர் விலையைவிடக் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் வண்டியைச் சரிசெய்து, யார்டில் நிறுத்தி, லாபமும் வைத்து விற்க வேண்டும். சில நேரம் எக்ஸ்சேஞ்ச் விலையை உயர்த்திச் சொல்லிவிட்டு, புது வண்டியில் தர வேண்டிய தள்ளுபடியைக் குறைத்துவிடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் எடுத்தால் புது வண்டி என்ன விலை என்று முதலிலேயே எழுதி வாங்கினால் உண்மையான எக்ஸ்சேஞ்ச் விலை தெரிந்துவிடும்.

மணி மீட்டரை எவ்வளவு நம்பலாம்

பழைய வண்டிகளில் மீட்டர் கேபிளில் ஓடும். அது கடிகார மணியைக் காட்டாது. இன்ஜின் சுற்றை எண்ணி மணியாக மாற்றும். ஐடிலிங்கில் நின்ற நேரம் குறைவாகவே ஏறும். கேபிள் அறுந்து ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டிகள் ஏராளம். மீட்டர் 1,800 மணி காட்டினால் அதை வண்டியின் மற்ற இடங்களோடு ஒத்துப்பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறதா, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் வழவழவென்று ஆகிவிட்டதா, கியர் ராடு ஆடுகிறதா, கீழ் லிங்க்கின் (கருவியை மாட்டித் தூக்கும் பின்பக்கக் கை) குண்டு ஓட்டை விரிந்திருக்கிறதா, பின் டயர் முதலில் வந்ததா மாற்றியதா. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டியும் டயரும் ஒரே ஆண்டு, பட்டையும் பாதிக்குமேல் இருக்கிறது என்றால் குறைந்த மணி என்பதை நம்பலாம்.

சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஓடிய வண்டிக்கும் வாடகைக்கு ஓடிய வண்டிக்கும் ஆண்டு மணியில் மூன்று மடங்கு வித்தியாசம்கூட வரும். அதைவிட முக்கியம் என்ன வேலை செய்தது என்பது. தோப்பில் ரோட்டாவேட்டர் அடித்த 3,000 மணியும், செங்கல், மண் டிரெய்லர் இழுத்த 3,000 மணியும் ஒன்றல்ல. பாரம் இழுத்த வண்டியில் பின்னால் டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் நீண்டிருக்கும், பூட்டும் ஊசி தொங்கும் இடத்தில் இரும்பு மடிந்து உதடு பிதுங்கி நிற்கும். அப்படியென்றால் கிளட்சும், கிரவுன்-பினியனும் (பின் அச்சைச் சுற்றும் பல்சக்கர ஜோடி), பிரேக்கும் எடைக்கு மேல் உழைத்திருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற திராட்சைப் பகுதியில் மருந்து அடித்த வண்டியில் வயரிங் இணைப்பும், தகடும், ரிம்மும் மருந்துப் பூச்சில் அரித்திருக்கும். சேற்றுழவுக்குப் போன வண்டியில் ஆயில் சீல்களும் பேரிங்குகளும் முதலில் போகும்.

வண்டியைப் பார்க்கும் முறை

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் ரேடியேட்டரையும் சைலன்சரின் அடியையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவதே நல்லது. குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் செய்ய வேண்டியவை: டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது குறையல்ல. அளவுக்கு மேல் ஏறி, நீர்த்து, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்ஷன் பம்பிலோ ஃபீட் பம்பிலோ டீசல் உள்ளே இறங்குகிறது. பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டோ லைனர் ரிங்கோ போயிருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். இதைக் குளிர்ந்த இன்ஜினில் மட்டும்தான் செய்ய வேண்டும். ரேடியேட்டர் இடுக்கில் நார்த்தூசியும் வைக்கோலும் அடைத்திருந்தால் வண்டி சூடேறி ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரிக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நின்ற நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், சார்ஜிங்தான் கோளாறு.

செல்ஃப் அடியுங்கள். நல்ல இன்ஜின் சில நொடிகளில் பிடித்துவிடும். நீண்ட நேரம் சுற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க இழுத்தால்தான் பிடிக்கிறது என்றால் கம்ப்ரஷன் குறைவு, அல்லது நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) கெட்டுவிட்டது, அல்லது டீசல் லைனில் காற்று ஏறுகிறது. மூன்றுக்கும் செலவு வெவ்வேறு. கம்ப்ரஷன் குறைவு என்றால் இன்ஜின் வேலை. நாசில் என்றால் சில ஆயிரத்தில் முடியும். காற்று ஏறுவது பெரும்பாலும் ஒரு வாஷர், ஒரு ஹோஸ்.

புகையை ஐந்து நிமிடம் கவனியுங்கள். பிடித்தவுடன் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை ஆயில் எரிவது: ரிங், வால்வு கைடு. கறுப்புப் புகை பாரம் ஏறும்போது வந்து குறைந்தால் சரி. சும்மா நிற்கும்போதே வந்தால் ஏர் கிளீனர் அடைப்போ, நாசிலோ, பம்பு டைமிங்கோ.

இன்ஜின் சூடேறியதும் ஐடிலிங்கில் வைத்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாய்மேல் வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் போதும். துள்ளி விழுந்தாலோ, துவாரத்திலிருந்து புகை விட்டுவிட்டு அடித்தாலோ ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. ஒற்றை சிலிண்டரில் இயல்பாகவே துடிப்பு கூடுதல். அதையும் கணக்கில் வையுங்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் எந்த சிலிண்டர் சோம்பல் என்று பார்க்க, மெக்கானிக்கை வைத்து நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் உடனே தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் குறை அங்கேதான். அந்த டீசல் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் வரும். கை கிட்டே போகக் கூடாது, துணி போட்டு மூடியே தளர்த்த வேண்டும்.

கிளட்ச்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, பாதி ஆக்சிலேட்டரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அமுங்கி நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டின் விலை பெரிதில்லை. அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், கூலி அங்கேதான் போகும். ஹவுசிங் இணையும் கோட்டைப் பாருங்கள். அங்கே புது சிலிகான் பிதுங்கி, போல்ட் தலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அண்மையில் பிரித்திருக்கிறார்கள். எதற்குப் பிரித்தீர்கள், எங்கே செய்தீர்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லோடு மாற்றிய கிளட்ச் வண்டிக்குப் பலம்.

எல்லா கியரிலும் ஓட்டுங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் கியர் தானாக நியூட்ரலுக்கு வருகிறதா என்று பாருங்கள். நேராகப் போகும்போது ஊளையிடும் சத்தம் பின்னாலிருந்து வந்தால் கிரவுன்-பினியன் அல்லது பேரிங். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேயுங்கள். மாவுபோல நுண்ணிய இரும்புத் தூள் வயதான வண்டியில் இருக்கும். நகத்தில் தட்டுப்படும் துகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. வெளுத்துப்போயிருந்தால் தண்ணீர். பல மினி டிராக்டர்களில் அதே ஆயில்தான் ஹைட்ராலிக்குக்கும் போகிறது. தண்ணீர் கலந்தால் இரண்டு பக்கமும் சேதம்.

கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டை ரோட்டாவேட்டரோடு சோதியுங்கள். தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கீழ் லிங்க் நிற்கும் உயரத்தை ஏதாவது ஒரு தூணில் சாக்பீஸால் குறித்துப் பத்து நிமிடம் விடுங்கள். இரண்டு மூன்று விரல் இறங்குவது சாதாரணம். தரைக்கே வந்துவிட்டால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது தூக்கி நின்ற பின்னும் விட்டுவிட்டுத் துள்ளினால் அதே குறையின் தொடக்கம். தூக்கவே திணறினால் முதலில் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள், பிறகு பம்பு.

இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டான பிடிஓ-வின் பற்களை, இன்ஜினை அணைத்துவிட்டு, விரலால் தடவுங்கள். பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கத்திபோல் கூர்ந்திருந்தாலோ, பற்கள் முறுக்கிக் கோணியிருந்தாலோ வேர்க்கட்டையில் ரோட்டாவேட்டரைப் போட்டு அடித்த வண்டி.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிங்பின் (சக்கரம் திரும்பும் ஊசி) ஆட்டமும் பேரிங் ஆட்டமும் தெரியும். அச்சின் நடு ஊசிக்குக் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்து மண் ஒட்டியிருந்தால் சீல் போயிருக்கிறது. உள்ளே ஆயில் குறைந்து ஓடியிருந்தால் பெவல் கியரும் தேய்ந்திருக்கும். இளகிய மண்ணில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு இரண்டு பக்கமும் முழு வளைவு எடுங்கள். டக் டக் என்று பல் தாண்டும் சத்தம் வந்தால், பாகங்களின் விலையை விசாரிக்காமல் பேச்சைத் தொடராதீர்கள்.

பின் டயருக்குத் தண்ணீர் நிரப்பி ஓட்டும் வழக்கம் இருப்பதால் ரிம்மை வால்வு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள்; உள்ளிருந்து அரித்த துரு அங்கேதான் முதலில் வெளிவரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைசியாக இருபது நிமிடம் ரோட்டாவேட்டர் போட்டு உழச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் நன்றாக ஓடும் பல வண்டிகள் பாரம் ஏறிய பத்தாவது நிமிடம் சூடேறும், புகை கக்கும், ஆயில் பிரஷர் விளக்கைக் காட்டும். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்ஜின் வேலைக்கான முழுத் தொகையையும் கழித்து விலை சொல்வதே நியாயம்.

புதுப் பெயிண்ட் அடித்த வண்டியில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். ஹோஸின்மேலும் வயர்மேலும் பெயிண்ட் தெளித்திருந்தால் விற்பதற்காக அடித்தது. கசிவையும் வெல்டிங்கையும் மறைக்க அதுவே எளிய வழி. கிளட்ச் ஹவுசிங், முன் அச்சு பிராக்கெட், கீழ் லிங்க் பிராக்கெட் மூன்றையும் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

கருவிகளைத் தனியாக விலை போடுங்கள்

ரோட்டாவேட்டரில் பிளேடு தேய்வது பெரிய விஷயமில்லை. பிளேடு பிடிக்கும் ஃப்ளேஞ்ச், பக்கவாட்டு கியர் அல்லது செயின், கியர்பாக்ஸ் ஆட்டம், அடித்தகடு இவைதான் விலை. ரோட்டரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப்பார்த்தால் ஆட்டம் தெரியும். கொத்துக் கலப்பை, கேஜ் வீல் போன்றவற்றுக்கு இரும்பு விலைக்குமேல் கொஞ்சம் சேர்த்தால் போதும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதன் ஆர்சி இல்லையென்றால் வண்டி விலையோடு சேர்க்காதீர்கள்.

ஒரு கணக்கு

கீழே உள்ள தொகைகள் முறையைக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தயாரித்து 9 ஆண்டு, மூன்று சிலிண்டர், 18 எச்பி, 3,200 மணி. அதே வகைப் புது வண்டி ரூ.4,20,000.

வேளாண் பொறியியல் பாடத்தில் டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு, ஆண்டுக்கு 1,000 மணி, கடைசி மதிப்பு 10 சதவீதம் என்று வைத்து நேர்கோட்டுத் தேய்மானம் போடுவார்கள். இங்கே தேய வேண்டிய தொகை ரூ.3,78,000. மணியை வைத்துப் பார்த்தால் 32 சதவீதம் தேய்ந்திருக்கிறது: மதிப்பு ரூ.2,99,040. ஆண்டை வைத்துப் பார்த்தால் 9 ஆண்டு போய்விட்டது: மதிப்பு ரூ.79,800. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால் பாடப்புத்தகக் கணக்கை எல்லைக்கல்லாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தோட்டத்தில் ஓடிய மினி வண்டிகள் ஆண்டுக் கணக்கைவிட மேலேயும் மணிக் கணக்கைவிடக் கீழேயும்தான் விலை போகும். சின்ன இன்ஜின் 10,000 மணி பிரிக்காமல் ஓடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

சேகரித்த கேட்கும் விலைகளின் நடு ரூ.2,40,000. உள்ளூரில் பத்து சதவீதம் குறைத்து முடிகிறது என்று மெக்கானிக்குகள் சொன்னால், ரூ.2,16,000. இது சராசரி நிலையில் உள்ள வண்டியின் விலை என்பதை மறக்காதீர்கள். சராசரி வண்டியின் டயர் பாதி தேய்ந்ததுதான். ஆகவே டயருக்கு முழு விலையைக் கழிப்பது தவறு. பின் டயர் ஜோடி ரூ.22,000, இந்த வண்டியில் 10 சதவீதப் பட்டைதான் மீதி என்றால், சராசரியைவிட 40 சதவீதம் குறைவு: கழிக்க வேண்டியது ரூ.8,800. வழுக்கும் கிளட்சுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை மாற்றாமல் வண்டி வேலைக்கே போகாது. பாகமும் பிரிக்கும் கூலியும் சேர்த்து ரூ.14,000 முழுவதும் கழியும். பேட்டரி ரூ.5,000, லிஃப்ட் சீல் ரூ.4,000. மொத்தம் ரூ.31,800. வெறும் வண்டி ரூ.1,84,200. ரோட்டாவேட்டர் ரூ.25,000 சேர்த்தால் ரூ.2,09,200. பேச்சுக்கு ரூ.2,00,000 முதல் 2,15,000 வரை என்று எல்லை வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜின் வேலை முழுதாக உள்ள வண்டியில் இதே கணக்கு சில நேரம் மிகக் கீழே போய்விடும். அப்போது அடிமட்ட விலை என்ன என்று பாருங்கள்: சுமார் 800 கிலோ இரும்பு, நல்ல டயர்கள், வேலை செய்யும் இன்ஜெக்ஷன் பம்பு, கியர்பாக்ஸ். பிரித்து விற்பவர் தரும் விலை அதுதான். அதற்குக் கீழே விற்பதற்கில்லை.

விற்பவர் எதில் காசு போடலாம்

செலவு திரும்பி வருவது கழுவுதல், ஆயில்-ஃபில்டர் மாற்றம், ஒரு நல்ல பேட்டரி, எரியும் விளக்கு, ஓடும் மீட்டர், நடப்பு இன்ஷூரன்ஸ் இவற்றில். இன்ஜின் பிரித்து வேலை செய்து விற்றால் செலவு முழுவதும் கிடைக்காது. வாங்குபவர் அதன் தரத்தை நம்ப மாட்டார். குறையைச் சொல்லி, மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைக் காட்டி, அந்தத் தொகையைக் குறைத்துத் தருவது இருவருக்கும் லாபம். பழைய சர்வீஸ் பில்களைத் தூக்கி எறியாதீர்கள்.

பருவமும் விலையில் பேசும். ஆடிப் பட்டத்துக்கு முன்பும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களிலும் வேலைக்கு வண்டி தேடுவார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டித் தேடுவார்கள். களை முளைக்காத கோடையில் தோப்பு வண்டியை யாரும் அவசரமாகக் கேட்பதில்லை. வாங்குபவருக்கு அதுவே நல்ல காலம்.

காகிதம்

வண்டிமேல் கடன் பதிவு (ஹைப்போதிகேஷன்) இருக்கிறதா என்று ஆர்சியிலும் எம்-பரிவாகன் செயலியிலும் பாருங்கள். ஹைப்போதிகேஷன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். மானியத்தில் எடுத்த வண்டி என்றால் மானிய ஆணையில் விற்பனைத் தடைக் காலம் இருக்கிறதா என்று படித்து, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். ஆர்சியில் வேளாண் டிராக்டர் என்று இருக்கிறதா, வணிகப் பயன்பாடு என்று இருக்கிறதா பாருங்கள். வணிகம் என்றால் வரி, தகுதிச்சான்று நிலுவை சேரும். பதிவு 15 ஆண்டுக்குத்தான். முடிவதற்கு ஓராண்டு மட்டும் உள்ள வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தையும், ஆய்வுக்குத் தேவைப்படும் வேலைகளையும் விலையில் கழியுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் போனால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற வாங்கியவருக்கு 14 நாள்தான். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 'பிறகு மாற்றிக்கொள்கிறேன்' என்று போகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். சாவி கொடுக்கும் நாளில் தேதி, நேரம், மீட்டர் மணி, சேர்த்துக் கொடுத்த கருவிகள், வாங்கிய தொகை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய ஆர்சியின் நகல் கைக்கு வரும்வரை விற்பவர் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.